அவள் கைக்கு மட்டும் திறந்த ஜன்னல்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒலித்தது போதும், அச்சிலும் வேறு ஏற வேண்டாம். பெயரைச் சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தெரிந்தவர்கள் இரண்டு வரி படித்ததுமே "அட, நம்ம புள்ளயாச்சே" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். என்னை நினைத்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

திருக்கோகர்ணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அரிசி மில், உரக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கொடுப்போம். எல்லாமே கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற டெஸ்க்டாப் சமாச்சாரம்தான். இந்தக் காலத்தில் இதையெல்லாம் இணையத்தில் செய்யக் கூடாதா என்று கேட்கிறவர்கள், மழை பெய்த மறுநாள் ஒரு உரக்கடையில் வந்து நிற்க வேண்டும். நெட் போய்விடும், கூட்டம் போகாது.

அந்த அலுவலகத்தில் முதலில் சேர்ந்தவள் நான். இலுப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கதவு திறப்பதற்கு முன்னால் படிக்கட்டில் நிற்பேன். கல்லூரியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். அவளும் அதே கல்லூரிதான், எனக்கு ஒரு வருடம் கீழே. அரியர் வைத்து அரியர் வைத்துத்தான் தேறினாள். அவளுக்குத் திருவரங்குளம் பக்கத்தில் ஒரு ஊர். அவள் வரும் பஸ் மட்டும் எப்போதும் தாமதமாகவே வரும். கைப்பையில் அவித்த கடலை இருக்கும். சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீபோர்டு மேலேயே தோலை உரித்துப் போடுவாள். நான் செய்திருந்தால் முதலாளி சும்மா விட்டிருப்பாரா? அவளிடம் மட்டும், "தாயி, எனக்கு ரெண்டு குடு" என்று கையை நீட்டுவார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், நிரல் எழுதுவது பெரிய விஷயமே இல்லை. எழுதுவதற்கு மெஷினைத் தயார் செய்கிறோமே, அதுதான் உயிரை வாங்கும். திரையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பட்டன், அவ்வளவு வருவதற்கே, நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலரை இறக்க வேண்டும், ஜன்னல் வரைகிற லைப்ரரியை இறக்க வேண்டும், இரண்டின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும், எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மெஷினுக்குப் பாதை சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் ஜன்னல் வராது, சிவப்பு எழுத்தில் வரி வரியாகத் திட்டுதான் வரும். பார்க்கிறவர்களுக்கு நாம் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

எங்கள் முதலாளிக்கு இதில் ஒரு சடங்கு உண்டு. புது மெஷின் வந்தால் சந்தனம் குங்குமம் வைப்பார். நாங்கள் விண்டோ என்போம், அவர் ஜன்னல் என்றுதான் சொல்லுவார். முதல் ஜன்னல் திறந்ததும் கீழே ஆள் அனுப்பி ஜாங்கிரி வாங்கிவரச் சொல்லுவார். யார் கையால் திறந்ததோ அவருக்கு முதல் ஜாங்கிரி. அவள் வருவதற்கு முன்பெல்லாம் அது எனக்குத்தான் வரும்.

அவள் சேர்ந்த புதிதில் புது மெஷின்கள் வந்து இறங்கின. அதுவரை மெஷின் விற்கிற கடைக்காரர்களே பயனர் கணக்கெல்லாம் தொடங்கித் தருவார்கள். அந்தத் தடவை, "நம்ம கையாலயே ஆரம்பிப்போம்" என்று முதலாளியே உட்கார்ந்து பயபக்தியோடு பெயர் அடித்துக் கணக்குத் தொடங்கினார். அடுத்து நான் உட்கார்ந்தேன். கையேட்டில் சொன்னபடி ஒரு வரி விடாமல் செய்தேன். ஜன்னல் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தேன். வரவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. அவள் கடலைத் தோலை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டே வந்து நின்றாள்.

"நான் செத்த பாக்கவாக்கா?"

"நானே பாத்து வரல. நீ என்னத்தப் பாக்கப்போற?"

"வரும்க்கா. வராம எங்கிட்டுப் போகும்?"

இதுதான் அவள் பேச்சு. பஸ் வராவிட்டாலும், மழை வராவிட்டாலும், சம்பளம் வராவிட்டாலும், "வராம எங்கிட்டுப் போகும்?" என்பாள். சொல்லிவிட்டு அதைப் பற்றிக் கவலையே படமாட்டாள். கவலைப்படுவதற்கு நான் இருந்தேனே.

எரிச்சலில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முதலாளி கைதட்டிக்கொண்டிருந்தார். திரையில் சின்னதாக ஒரு ஜன்னல். உலகம் முழுக்க எல்லாரும் முதல் ஜன்னலில் 'ஹலோ வேர்ல்டு' என்றுதான் எழுதுவார்கள், நானும் அப்படித்தான். அவள், "சாப்ட்டாச்சா?" என்று எழுதியிருந்தாள். கீழே ஒரே ஒரு பட்டன். அதில் "ஆச்சு."

"இல்லைங்கிறதுக்கு ஒரு பட்டன் வேணாமா? சாப்பிடாதவங்க எத அழுத்துவாங்க?" என்று கேட்டேன். வயிறு காய்ந்துகொண்டிருந்தது எனக்கு.

"சாப்பிடாதவங்களுக்குச் சோறுல்லக்கா போடணும், பட்டனா போடுவாங்க?" என்றாள். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு முதல் ஜாங்கிரி அவளுக்கு. அதில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்து, "நீங்கதான காலையில இருந்து கெடந்து பாத்தீங்க" என்றாள். மொத்தத்தையும் அவளே தின்றிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மெஷினிலும் அதே கதை. அதற்கு அடுத்ததிலும் அதே கதை. என் கைக்கு வராது, அவள் உட்கார்ந்தால் வந்துவிடும். முதலாளி தீர்ப்பே சொல்லிவிட்டார். "சில பேருக்குப் படிப்பு இருக்கும், சில பேருக்குக் கைராசி இருக்கும். இந்தப் புள்ளைக்குக் கைராசி. நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத தாயி." மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? அதற்கப்புறம் புது மெஷின் என்றால் அவள்தான். வாடிக்கையாளர்கள்கூட, "அந்தக் கைராசிக்காரப் பாப்பா வரலியா?" என்று என்னிடமே கேட்டார்கள். அவர்கள் பில்லில் வரிக்கணக்கு தப்பாக வந்தபோது உட்கார்ந்து திருத்தியவள் நான். அதை யாரும் கேட்கவில்லை.

அவள் எழுதும் நிரலைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். எதற்கும் ஒழுங்கான பெயர் இருக்காது. கையேட்டைத் திறந்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஆனால் மில்காரர் மகள் எந்த வகுப்பு, உரக்கடைக்காரர் மனைவிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அம்மா எடுத்து வைத்த மீன் குழம்பை, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று தட்டை நீட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் போனதும் அம்மா, "பாரு, எப்படிக் கலகலன்னு இருக்கு அந்தப் புள்ள. நீயும் இருக்கியே, உம்முன்னு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் எடுக்கும்போதெல்லாம் அவள் பெயர் வரும். எனக்கு மீனே வெறுத்துப்போனது.

ஒரு நாளாவது அவள் பக்கத்தில் நின்று, எப்படிச் செய்கிறாள் என்று நான் பார்த்திருக்கலாம்தான். பார்க்கவில்லை. நின்று பார்த்தால் அவளிடம் கற்றுக்கொள்ள வந்ததாக ஆகிவிடும். அவள் உட்காரும்போதெல்லாம் எனக்கு டீ குடிக்கத் தோன்றிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் இலுப்பூரில் ஒரு கிளை திறப்பது என்று முதலாளி முடிவு செய்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்தாயிற்று. அங்கே பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும். யார் இருக்க வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். என் ஊர், நான் மூத்தவள், வேலை தெரிந்தவள். வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டார். என் பெயருக்குக் கீழே பொறுப்பாளர் என்று போட்டுப் பலகை தொங்குவதுவரை மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தப்பா நெனைக்காத தாயி. புது எடம். மொத ஜன்னல் அவ கையால தொறக்கட்டும். பொறுப்பையும் அவகிட்டயே குடுத்துரலாம்னு பாக்குறேன். நீ கூட இருந்து பாத்துக்க."

"சார், அவளுக்கு அந்த ஊரே தெரியாது சார்."

"ஊரு தெரியாட்டி என்ன? கைராசி இருக்குல்ல."

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகம். நன்றாகப் படித்ததற்கும், நேரத்துக்கு வந்ததற்கும், ராசி என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு மதிப்பும் இல்லையா?

மறுநாள், இலுப்பூருக்கு எடுத்துப்போக வைத்திருந்த புது மெஷினில் நானே உட்கார்ந்தேன். அவள் பஸ் வழக்கம்போல வரவில்லை. எல்லாம் செய்தேன், சிவப்பு வரிகள் வந்தன. வழக்கமாக அவற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஃபோல்டர் பாதை வருகிற இடத்தில், பயனர் பெயருக்கு முன்னால் கிறுக்கலாக ஏதோ இருந்தது. கோணல்மாணலான குறிகள். அங்கே என்ன இருக்க வேண்டும் என்று மெஷினில் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது 'உ'.

பிள்ளையார் சுழி! முதலாளி ஒவ்வொரு மெஷினிலும் கணக்குத் தொடங்கும்போது, பெயருக்கு முன்னால் மறக்காமல் ஒரு 'உ' போட்டிருக்கிறார். பில்லில் போடுகிறோம், மளிகைச் சிட்டையில் போடுகிறோம், பரீட்சைத் தாளில் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் தலையில் அது இருப்பதால் என் கண்ணில் அது பட்டதே இல்லை. நாங்கள் வைத்திருந்தது பழைய கம்பைலர். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. பயனர் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் எதை இறக்கினாலும், வழியில் அந்த 'உ'வைப் பார்த்து மிரண்டு நின்றுவிடும். கையேடு அந்த ஃபோல்டரில்தான் இறக்கச் சொல்கிறது. கையேட்டை மதித்தவள் நான் மட்டும்தான்.

அவள் மெஷினைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பயனர் ஃபோல்டர் இருக்கிற சி டிரைவில் இறக்காமல், மெஷினின் இன்னொரு பாகமான டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தாள். அங்கே 'உ' இல்லை. அவ்வளவுதான் கைராசி.

அவள் வந்து பையை வைப்பதற்குள் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்தையும் டி-ல எதுக்குப் போடுற?"

"அதுவாக்கா? எங்க வீட்டு மெஷின்ல அண்ணன் சி பூரா படமா ஏத்தி வச்சிருப்பான். எடமே இருக்காது. எனக்கு டி-ன்னு பிரிச்சுக் குடுத்துட்டான். அப்படியே பழகிப்போச்சு."

தெரிந்து செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். சூட்சுமத்தைக் கண்டுபிடித்து எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தால், அவளைத் திருடி என்று திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பாவி மகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அண்ணன் படம் பார்த்ததற்கு இவளுக்கு ஜாங்கிரி.

"ஒனக்குக் கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. அந்தப் பிள்ளையார் சுழிதான் காரணம்" என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கடலையை மென்றுகொண்டே கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆத்தாடி! சார்ட்ட சொல்லிராதீங்கக்கா. பாவம், பிள்ளையார் மேலல்ல பழி விழுந்துரும்."

அந்த ஒரு சொல்லில் என் வாயைக் கட்டிவிட்டாள். நான் போய் முதலாளியிடம், உங்கள் பிள்ளையார் சுழியால்தான் ஜன்னல் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் எப்படிப் போகும்? நல்லவள் என்ற பெயர் அவளுக்கு இருந்தது, கெட்டவள் என்ற பெயரையாவது நான் எடுக்காமல் இருக்க வேண்டாமா?

சொல்லவில்லை. செய்து காட்டுவோம் என்று இருந்துவிட்டேன். இலுப்பூரில் திறப்புவிழா அன்று காலை, வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே, 'உ' இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் இறக்கித் தயாராக வைத்தேன். முதலாளி வந்து சந்தனம் வைத்தார். "அந்தப் புள்ள எங்க?" என்று தேடினார். அவள் பஸ் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "நான் திறக்குறேன் சார்" என்று சொல்லி உட்கார்ந்து அழுத்தினேன். ஜன்னல் படக்கென்று திறந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் அம்மாவும் அங்கே நின்றார்.

முதலாளி என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார். "பாத்தியா தாயி! அவகூடவே இருந்து இருந்து, அவ கைராசி ஒனக்கும் ஒட்டிக்கிச்சு!"

அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு ஜாங்கிரித் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

பொறுப்பு கடைசியில் எனக்குத்தான் கிடைத்தது. அதையும் ஜெயித்து வாங்கவில்லை. அன்றைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவள், வந்ததும் வராததுமாக முதலாளியிடம் சொன்னாள்: "சார், ரெண்டு பஸ் மாறி என்னால ஆகாது. இது அக்கா ஊரு. அக்காவே இருக்கட்டும். எனக்குக் கோயமுத்தூர்ல வேற வேல வருது." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்காக அழுதுவடியாமல், தியாகம் என்று பேர் பண்ணாமல், பஸ்ஸில் சீட்டை நகர்ந்து கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனவள் போனாள் என்று இருக்க முடிகிறதா? இலுப்பூருக்குப் புது மெஷின் வந்தால், முதலாளி இன்றைக்கும் வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடிக்கிறார். நான் முன்னாலேயே எல்லாம் செய்து சோதித்து மூடி வைத்திருப்பேன். அவள் முகம் போனில் தெரிந்ததும் அழுத்துவேன், ஜன்னல் திறக்கும், "பாத்தியா!" என்பார். பெயர்ப்பலகையில் மட்டும்தான் நான்.

போன மாதம் அவளே என்னைக் கூப்பிட்டாள். வேலை மாறியிருக்கிறாளாம். புது நிறுவனத்தில் கொடுத்த லேப்டாப்பில் நேற்றிலிருந்து ஜன்னல் வரவில்லையாம். அங்கேயும் ஏதோ பழைய டெஸ்க்டாப் மென்பொருளைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறார்கள். குரலில் சிரிப்பு இல்லை. "பின்னாடி எல்லாம் நிக்கிறாங்கக்கா. இந்தப் புள்ளயவா எடுத்தோம்னு பாக்குறாங்க. செத்த பாருங்களேன்."

அவள் திரை என் திரையில் தெரிந்தது. டி டிரைவே இல்லாத லேப்டாப். எல்லாவற்றையும் கையேடு சொன்ன ஃபோல்டரிலேயே இறக்கியிருந்தாள். சிவப்பு வரிகளில் அதே கிறுக்கல். அவள் பெயருக்கு முன்னால், அவளே ஆசையாகப் போட்டுக்கொண்ட 'உ'. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"வரலியாக்கா?"

"வரும். வராம எங்கிட்டுப் போகும்?" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. வேறு ஃபோல்டருக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். மாற்றி அழுத்தினாள். "சாப்ட்டாச்சா?" என்று ஜன்னல் திறந்தது. அவளுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

"ஏண்டி, நான்தான் அன்னைக்கே சொன்னேனே, சுழியாலதான்னு. பெறகு எதுக்குப் போட்ட?"

"சார் ஞாபகமாப் போட்டேன்க்கா. நீங்க அன்னைக்குச் சொன்னத நான் நம்பல. பொறாமையில சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. அத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பாதி ஜாங்கிரி கொடுத்திருக்கிறாள், எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறாள், இலுப்பூரை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள் பின்னால் திரும்பி, "எங்க அக்கா. ரொம்பக் கைராசிக்காரங்க" என்று சொல்வது கேட்டது.

எத்தனை வருடம் ஏங்கிய சொல் அது. கடைசியில் அவள் வாயால்தான் வர வேண்டுமா? ஆனாலும் அன்று மனது பொங்கியது, யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது. முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், அவ மெஷின்ல ஜன்னல் வரலன்னா சார். அவளால முடியல. நான்தான் இங்கருந்தே திறந்து குடுத்தேன்."

ராசி என் கைக்குத்தான் என்று சொல்லப்போகிறார் என்று காதைப் போனோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தேன்.

"அது சரி தாயி. கடைசியில பட்டன அழுத்துனது யாரு?"

"அவதான் சார்."

"அதான பாத்தேன்" என்றார்.